பதினோரு நிமிடக் காற்று

முப்பத்தெட்டாம் பகுதியின் கடைசியில்
கதவுக்கு வெளியே நின்றாள் இன்ஜினியர் மகிழ்நங்கை.
முதுகுச் சிலிண்டரில் பதினோரு நிமிடக் காற்று.
கதவின் ரகசிய எண்ணை
உள்ளே இருப்பவன் மாற்றிவிட்டான்.
பின்னால் வியாழன்,
துணிக்கடை பொம்மைக்குச் சுற்றிய சேலைபோலப்
பட்டை பட்டையாக.
தொடரும் என்று போட்டார்கள்.
தொடரவில்லை.

ருவைஸ், நான்காம் கேம்ப், அறை இருபத்தாறு.
எட்டுக் கட்டில், ஒரு டிவி.
திரையின் வலது மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைக் கறை;
எந்தக் கிரகம் அங்கே ஒதுங்கினாலும்
பாசி பிடித்துவிடும்.
வியாழக்கிழமை எட்டரைக்கு, ஊரில் அப்போது பத்து,
பக்கத்து அறைக்காரர்களும் வந்து நெருக்கியடிப்பார்கள்.
வாசலில் கிடந்த செருப்பை ஒருநாள் எண்ணினேன்:
முப்பத்தோரு ஜோடி,
யாருடையது என்று தெரியாமல் ஒற்றைச் செருப்பு ஒன்று.

மரியசூசை சாரம் கட்டுகிறவர்.
விண்கலத்தின் மேல் ஆள் நடந்தால் போதும்,
"கொக்கி மாட்டலை பாரு, கொக்கி!" என்று அலறுவார்.
வெல்டர் நெய்னாவுக்கோ
காற்றே இல்லாத இடத்தில் பொறி இப்படிப் பறக்காது.
இனி இந்தக் கருமத்தைப் பார்ப்பதில்லை என்று
வாராவாரம் எழுந்து போவார்.
அடுத்த வியாழன் முதல் ஆளாக, தலையணையோடு.

நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்த அன்று
சேனலுக்குப் போன் போட்டதும் அவர்தான்.
ஸ்பீக்கரில் ஒரு பெண், பொறுமையான குரல்.
"ரேட்டிங் புள்ளி நாலுதான் சார்."
நாங்க முப்பது பேர் பாக்குறோம்மா.
"கணக்கெடுக்கிற பெட்டி இருக்கா சார், உங்க டிவியில?"
கட்டிலுக்கு அடியில் பார்த்தோம்.
பாதி நிறைந்து, கயிறு சுற்றி,
மார்க்கர் பேனாவில் பெயரும் பின்கோடும் எழுதி.
"எட்டு இருக்கு," என்றார் மரியசூசை.
"ஊருக்குப் போறப்பதான் மூடுவோம்."
அவள் சிரிக்கவில்லை.
வெளிநாடு கணக்கில் வராது சார் என்றாள்.

விடியும் முன் பஸ்ஸில் தலையெண்ணிக்கை.
கேட்டில் கார்டு.
சாப்பாட்டுக் கூடத்தில் முட்டைக்குக்கூட
பெயருக்கு நேரே ஒரு டிக்.
ஷட்டவுன் மாதத்தில் என் உத்தியோகமே எண்ணுவது:
தொட்டியின் வாய்த்துளை பக்கத்தில் ஸ்டூல் போட்டு
உள்ளே போனவர் பெயர், நேரம்,
வெளியே வந்தவர் பெயர், நேரம்.
முகமூடிக்காரனுக்குக் காற்று குறைந்தால் விசில் அடிக்கும்.
அந்தச் சத்தத்துக்கும் ஆளின் தலை தெரிவதற்கும் நடுவே
நான் எச்சில் விழுங்குவதில்லை.
பதினோரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று
கதை எழுதியவருக்குத் தெரிந்திருக்காது.

அடுத்த வியாழன் அந்த நேரத்தில் சமையல் போட்டி.
சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தோம்.
தில்பகதூர் வாயைத் திறந்தான்.
தமிழ் ஒரு சொல் தெரியாமல்
முப்பத்தெட்டுப் பகுதியும் பார்த்த நேபாளி.
எதற்கு இவ்வளவு துக்கம், என்றான் கேம்ப் இந்தியில்.
அவளுக்கு லீவு கிடைத்துவிட்டது,
கிளம்பி வெளியே வந்திருக்கிறாள்.
உள்ளே நிற்பவன் அண்ணன்,
கையசைத்து வழியனுப்பினானே, நீங்கள் பார்க்கவில்லையா?
வில்லன் கையசைத்தது வாஸ்தவம்தான்.
அப்போ அந்தக் கம்ப்யூட்டர் குரல்?
கேம்ப் பாஸ், என்றான்.

சிரித்து அடங்கப் பத்தரை ஆயிற்று.
இப்போது வியாழன்தோறும் அவன் சொல்கிறான்.
நெய்னா தமிழாக்குகிறார், நடுவில் சண்டையும் போடுகிறார்.
மரியசூசை கொக்கி மாட்டிவிடுகிறார்.
போன வாரம் மகிழ்நங்கை ஏதோ நிலவில் இறங்கி
டீக்கடை தேடி அலைந்தாள்.
நன்றாகவே இல்லை. முகத்துக்கு நேரே சொல்லிவிட்டோம்.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை.
பதிவேட்டின் பின்னட்டையில் பென்சிலால் எழுதிவைத்தேன்:
மகிழ்நங்கை. வெளியே, எட்டு ஐம்பத்தேழு.
உள்ளே என்ற கட்டம் காலி.
சேஃப்டி ஆபீசர் கண்ணில் ஒருநாள் பட்டுவிட்டது.
"யார் இது? எந்தக் கம்பெனி ஆள்?"
இன்னும் வரலை சார், என்றேன்.
ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை.